ஆயிரம் மணிநேர வெளிச்சம்

வீட்டில் ஒரு மின்குமிழ் அணைந்துபோனால் நாம் அதற்காக வருந்துவதில்லை. அது அணைந்துபோகும் பொருளே என்று எண்ணி, கழற்றிக் குப்பைக்கூடையில் இட்டுவிட்டுக் கடைக்குச் செல்கிறோம். கதிரையின் கால் முறிந்தால் தச்சரைத் தேடுகிறவர்கள்கூட, மின்குமிழ் அணைந்தால் எவரையும் தேடுவதில்லை. எவர்மீதும் குறை கூறுவதுமில்லை. இப்பொருளுக்கு ஆயுள் இவ்வளவுதான் என்ற எண்ணம் நம்முள் அவ்வளவு ஆழமாக ஊறிவிட்டது. இந்த 'இவ்வளவுதான்' என்பதை அளந்து வைத்தவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும் அக்கேள்விக்கு விடை உண்டு. விடைக்கு ஓர் ஊரும் ஒரு திகதியும்கூட உண்டு.

1924ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 23ஆம் திகதி, சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரிலே, உலகின் பெரும் மின்குமிழ்க் கம்பனிகளின் பிரதிநிதிகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். ஜேர்மனியின் ஒஸ்ராம், ஒல்லாந்தின் பிலிப்ஸ், ஹங்கேரியின் துங்ஸ்ராம் முதலியவற்றோடு பிரான்சிய, பிரித்தானிய, ஜப்பானியக் கம்பனிகளும் அதில் இணைந்தன. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நேரடியாகச் சேரவில்லையாயினும், தன் கிளை நிறுவனங்கள் வாயிலாகவும் காப்புரிமை ஒப்பந்தங்கள் வாயிலாகவும் அதன் கை அங்கே இருந்தது. இக்கூட்டுக்குப் 'பீபஸ்' என்று பெயரிட்டார்கள். பீபஸ் என்பது கிரேக்கர் தம் ஒளிக் கடவுளான அப்பலோவுக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று. ஒளியின் ஆயுளைக் குறைக்கப் புகுந்தவர்கள் ஒளிக் கடவுளின் பெயரையே தேர்ந்தெடுத்தது அவர்களுடைய நகைச்சுவை உணர்வுக்குச் சான்றா, அல்லது அந்த உணர்வே இல்லாமைக்குச் சான்றா என்று சொல்வது கடினம்.

சந்தையைப் பங்கிட்டுக்கொள்வதும், விலையைத் தாங்கிப் பிடிப்பதும், காப்புரிமைகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்வதும் அக்கூட்டின் வெளிப்படையான நோக்கங்கள். இவை அக்கால வாணிபத்தில் புதுமையானவை அல்ல. உருக்குக்கும் சாயத்துக்கும்கூட இத்தகைய கூட்டுகள் இருந்தன. பீபஸைத் தனித்து நிற்கச் செய்தது வேறொரு விதியாகும். வீட்டுப் பாவனைக்கான மின்குமிழின் ஆயுள் 1,000 மணிநேரமாக இருத்தல் வேண்டும் என அது விதித்தது. அதற்குமுன் 1,500 முதல் 2,000 மணிநேரம் வரை எரியும் குமிழ்களைப் பல தொழிற்சாலைகள் செய்துகொண்டிருந்தன.

இவ்விதி வெறும் காகிதத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் குமிழ்களின் மாதிரிகளைச் சுவிற்சர்லாந்தில் அமைந்த சோதனைச்சாலைக்குக் காலந்தோறும் அனுப்ப வேண்டியிருந்தது. அங்கே அவை எரிக்கப்பட்டு, மணிக்கணக்கு எழுதப்பட்டது. குறித்த அளவினும் மிகக் குறைவாக எரிந்தால் தண்டம், அது நியாயம். குறித்த அளவினும் மிக அதிகமாக எரிந்தாலும் தண்டம்! எத்தனை மணி மிகுந்தால் எத்தனை சுவிஸ் பிராங்கு என்று அட்டவணையே இருந்தது. நல்ல பொருளைச் செய்ததற்காகத் தொழிலாளியைத் தண்டித்த அரசர்கள் கதைகளில் வருவார்கள். கணக்குப் புத்தகம் வைத்துத் தண்டித்தவர்கள் இவர்களே. 1926இல் சராசரியாக 1,800 மணியாக இருந்த ஆயுள், 1933–34 நிதியாண்டில் 1,205 மணியாகக் குறைந்துவிட்டது. இவ்விவரங்கள் அக்கம்பனிகளின் ஆவணங்களிலிருந்தே பின்னாளில் ஆய்வாளரால் எடுத்துக் காட்டப்பட்டவை.

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். கம்பனிகளின் சூழ்ச்சி என்று ஒரே சொல்லிற் கூறி முடித்துவிட்டால் கதை எளிதாகிவிடும். உண்மை அத்தனை எளிதன்று.

பழைய மின்குமிழினுள் இருப்பது தங்குதன் என்னும் உலோகத்தினாலான மெல்லிய சுருளிழை. மின்னோட்டம் பாயும்போது அவ்விழை 2,500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறி ஒளிர்கிறது. அச்சூட்டில் உலோகம் அணுவணுவாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். நெடுநாள் எரிந்த குமிழின் கண்ணாடி உட்புறத்தில் கறுத்திருப்பதைப் பலர் கண்டிருப்பர்; அது ஆவியாகிப் படிந்த தங்குதனே. இழை எங்கே மிக மெலிகிறதோ அங்கே ஒருநாள் அறுந்துபோகும். ஆகவே இழையைச் சற்றுக் குறைந்த சூட்டில் எரியவிட்டால் அது நெடுங்காலம் நிற்கும். மின்னழுத்தத்தை நூற்றுக்கு 5 பங்கு குறைத்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆனால் வெளிச்சம் நூற்றுக்கு 16 பங்கு அளவில் குறைந்துவிடும்; மின்செலவோ 8 பங்குதான் குறையும். அதாவது, நீண்ட ஆயுளுள்ள குமிழ் அதே மின்சாரத்துக்குக் குறைந்த ஒளியையே தரும்.

இதிலுள்ள கணக்கையும் பார்க்கலாம். 60 உவாற்றுக் குமிழ் 1,000 மணிநேரம் எரிந்தால் 60 அலகு மின்சாரம் செலவாகும். அந்த மின்சாரத்தின் விலை குமிழின் விலையைக் காட்டிலும் மிக அதிகம். எனவே மங்கலான நீண்ட ஆயுட் குமிழை வாங்கியவர், குமிழில் மிச்சம் பிடித்ததை மின்கட்டணத்தில் இழந்திருக்கக்கூடும். 1951இல் பிரித்தானியாவின் ஏகபோக வாணிப விசாரணை ஆணைக்குழு மின்குமிழ்த் தொழிலை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், கம்பனிகளின் வேறு சில நடத்தைகளைக் கண்டித்தபோதிலும், ஆயிரம் மணி என்ற அளவை ஒரு நியாயமான சமரசமாகவே ஏற்றுக்கொண்டது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் லிவர்மோர் என்னும் ஊரில் உண்டு. அவ்வூர்த் தீயணைப்பு நிலையத்தில் 1901ஆம் ஆண்டில் பொருத்தப்பட்ட ஒரு குமிழ் ஒரு நூற்றாண்டு கடந்தும் எரிந்துகொண்டிருந்தது. 2015இல் அதன் எரிகாலம் பத்து இலட்சம் மணிநேரத்தைத் தாண்டியது. ஒகாயோ மாநிலத்தின் ஷெல்பி கம்பனி செய்த காபன் இழைக் குமிழ் அது. 1976இல் நிலையத்தை வேறிடத்துக்கு மாற்றியபோது, குமிழைத் திருகிக் கழற்றினால் உடைந்துவிடுமோ என்று அஞ்சி, கம்பியையே வெட்டி எடுத்துச் சென்றார்கள். 'அக்காலப் பொருள் அக்காலப் பொருளே' என்று வியப்போர் அக்குமிழைப் பற்றி ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது இப்போது தருவது ஏறத்தாழ 4 உவாற்று அளவான செந்நிற மினுக்கம். அதன் கீழிருந்து ஒருவர் புத்தகம் படித்துவிட முடியாது. மெல்ல எரிவதனாலேயே அது நெடுநாள் எரிகிறது.

அப்படியாயின் பீபஸ் குற்றமற்றதா? இல்லை. ஆணைக்குழுவின் பௌதிகம் சரி. ஆனால் பௌதிகம் தண்டத்துக்கு விளக்கம் தராது. கூடிய ஒளியும் குறைந்த மின்செலவுமே நோக்கமாயின், அதே ஒளியை அதே மின்செலவில் தந்து கூடுதல் காலமும் எரியும் குமிழை ஒரு தொழிற்சாலை கண்டுபிடித்தால் அதைப் பாராட்டியிருக்க வேண்டும். தண்ட அட்டவணை பார்த்தது மணிக்கணக்கை. சில உறுப்பினர்கள் விதியை ஏய்க்க, சற்று உயர்ந்த மின்னழுத்தத்துக்கு ஏற்ற குமிழ்களைச் செய்து நீண்ட ஆயுளை மறைமுகமாக விற்றபோது, பிலிப்ஸ் நிறுவனத்தின் அன்ரன் பிலிப்ஸ் மனம் புழுங்கி முறையிட்டதும் பதிவாகியுள்ளது. நீண்ட ஆயுட் குமிழ்களின் காலத்திலிருந்து அரும்பாடுபட்டு வெளியேறிய பின், மறுபடி அதற்குள் வீழ்வதா என்பதே அவருடைய கவலை. மின்கட்டணம் செலுத்துவோரின் நலம் பற்றிய கவலையாக அது தோன்றவில்லை.

உயர்ந்த மண்டபத்துக் கூரையில் ஏணி வைத்துக் குமிழ் மாற்ற வேண்டியவருக்கு மங்கலாயினும் நெடுநாள் எரியும் குமிழே ஏற்றது. இரவெல்லாம் கண்விழித்துப் படிக்கும் மாணவனுக்குக் குறுகிய ஆயுளாயினும் பிரகாசமானது ஏற்றது. இரண்டையும் செய்து, ஆயுளை உறையிலே அச்சிட்டு விற்றிருந்தால் இரண்டுமே நேர்மையான பொருள்கள். தீர்மானத்தை வாங்குபவரிடமிருந்து பறித்து, பறித்ததையும் அவருக்குச் சொல்லாமல் விட்டதுதான் தவறு.

அக்கூட்டை எதிர்த்து நின்றவர்களும் உண்டு. அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள் சுவீடன் தேசத்துக் கூட்டுறவாளர்கள். நம் ஊர்களில் சங்கக்கடையை அறிந்தவர்களுக்கு இச்செய்தி தனியொரு மகிழ்ச்சியைத் தரும். அந்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் ஒன்றியம், அயல் நாடுகளின் கூட்டுறவாளரோடு கைகோத்து, 1930களின் தொடக்கத்தில் ஸ்டொக்ஹோம் நகரில் 'லூமா' என்ற பெயரில் தனக்கெனத் தொழிற்சாலை ஒன்றை நிறுவிக் குமிழ் செய்யத் தொடங்கியது. பீபஸ் கம்பனிகள் காப்புரிமை வழக்கு என்று அச்சுறுத்தியும் பார்த்தன. ஆயினும் லூமா நின்றது. சுவீடனில் குமிழின் விலை வெகுவாக இறங்கியது. குடிமக்கள் தாமே உற்பத்தியாளராகிச் சந்தையில் நுழைந்தால் கூட்டு எவ்வளவு விரைவில் விட்டுக்கொடுக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரிந்தவரை வேறில்லை.

1955 வரை நீடிக்கத் திட்டமிடப்பட்ட பீபஸ், 1939இல் வெடித்த உலகப் போரோடு குலைந்துபோனது. 1949இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ஜெனரல் எலெக்ட்ரிக் ஏகபோகத் தடைச் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் ஆயிரம் மணி என்ற அளவு மட்டும் கூட்டு மறைந்த பின்னரும் உலகெங்கும் குமிழ்களில் நிலைத்துவிட்டது. சட்டம் செத்தும் வழக்கம் சாகவில்லை.

பீபஸ் மறைவாகச் செய்ததை வேறு சிலர் வெளிப்படையாகவே போதித்தனர். 1932இல், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, நியூயோர்க் நகரின் பேர்னார்ட் லண்டன் என்பவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் அரசாங்கமே ஓர் ஆயுட்காலத்தைக் குறிக்க வேண்டும். அது கழிந்ததும் அப்பொருள் சட்டப்படி 'இறந்ததாக'க் கொள்ளப்பட்டு ஒப்படைக்கப்பட்டு அழிக்கப்படவேண்டும். அப்போது தொழிற்சாலைகள் ஓயாமல் இயங்கும், வேலையில்லாத் திண்டாட்டம் ஒழியும் என்பது அவர் கூறிய மருந்து. 'திட்டமிட்ட காலாவதி' என்ற தொடர் பிரபலமாவதற்கு அந்நூலும் ஒரு காரணம். 1950களில் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் அதற்கு வேறொரு முகம் தந்தார். பொருளை உடையச் செய்ய வேண்டியதில்லை. சற்றே புதிதான, சற்றே மேலான ஒன்றை, தேவைக்குச் சற்று முன்னதாகவே வாங்கும் ஆசையை மக்களிடம் ஊட்டினால் போதும் என்றார். 1960இல் வான்ஸ் பக்கார்ட் எழுதிய 'வீணாக்குவோர்' என்னும் பொருள்படும் நூல் இவ்விரு போக்குகளையும் கண்டித்து அமெரிக்காவில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. விவாதம் நடந்தது, விற்பனையும் நடந்தது.

இனி நம் காலத்துக் குமிழுக்கு வருவோம்.

இழைக்குமிழின் இடத்தை இப்போது எல்.ஈ.டி. குமிழ் பிடித்துவிட்டது. பாடநூல்கள் இதனை ஒளிகாலும் இருவாயி என்று சொல்லும். இங்கே ஆவியாகும் இழை இல்லை. நன்கு செய்த இருவாயி பல்லாயிரம் மணிநேரம் ஒளிரும். காலம் செல்லச் செல்ல மங்குமேயன்றி எளிதில் அறாது. ஆகவேதான் பெட்டியின் மேல் 15,000 மணி என்றும் 25,000 மணி என்றும் அச்சிடுகிறார்கள். நாளுக்கு 3 மணிநேரம் எரித்தால் 15,000 மணி என்பது 13 ஆண்டுக்கும் மேல். பிறந்த குழந்தை உயர்தர வகுப்பை எட்டும் முன் ஒருமுறை மாற்றினால் போதும் என்ற கணக்கு! அந்தக் கணக்கு எத்தனை வீடுகளில் பலித்தது என்பதை வாசகர்களே அறிவார்கள்.

ஏன் பலிப்பதில்லை? பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் இருவாயியின் ஒளி எழுபது சதவீதமாக மங்கும் காலத்தைக் குறிப்பது. குமிழோ இருவாயி மட்டுமன்று. வீட்டு மின்சாரத்தை இருவாயிக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் சிறு சுற்று ஒன்று அதன் கழுத்தினுள் அடைபட்டிருக்கிறது. அச்சுற்றிலுள்ள கொள்ளளவி வெப்பத்தால் உலர்ந்து கெடும்; ஈயம் வைத்து ஒட்டிய இணைப்புகள் சூடாகிக் குளிர்ந்து வெடிக்கும். இருவாயிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் இருப்பதால் ஒன்று எரிந்துபோனால் குமிழ் முழுவதும் அணைந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் மூலம் வெப்பமே. சில இருவாயிகளைக் கொண்டே மிகுந்த ஒளி பெற வேண்டுமென்று அவற்றின் வழியே கடுமையாக மின்னோட்டத்தைச் செலுத்தி, வெப்பம் வெளியேற வழியில்லாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்தால் ஆயுள் குறைவது வியப்பன்று.

இழைக்குமிழுக்கும் இதற்கும் உள்ள பெருவேறுபாடு இங்கேதான் இருக்கிறது. இழையை மெல்ல எரித்தால் ஆயுள் கூடும், திறன் குறையும். இருவாயியை மெல்ல எரித்தால் ஆயுளும் கூடும், திறனும் கூடும். ஆகவே அதிக எண்ணிக்கையான இருவாயிகளை வைத்து, ஒவ்வொன்றையும் இலேசாக இயக்கினால், குமிழ் நீண்டகாலம் எரிவதோடு மின்சாரமும் மிச்சமாகும். இது கனவன்று. 2016இல் துபாய் மாநகர சபையோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, பிலிப்ஸ் விளக்கு நிறுவனம் இவ்வாறே ஒரு குமிழை அந்நகரச் சந்தைக்கென உருவாக்கியது. ஒரு காலத்தில் ஆயிரம் மணிக்காக முறையிட்ட அதே பெயர்! ஆணையிட ஒரு மாநகர சபை முன்வந்தபோது செய்ய முடிந்ததை மற்றச் சந்தைகளுக்குச் செய்யாதிருந்ததற்குப் பௌதிகம் காரணமாகாது. கூடுதலான சில இருவாயிகளின் விலையும், கடைத்தட்டில் அருகிலிருக்கும் மலிவான குமிழோடு போட்டியிட வேண்டிய கட்டாயமுமே காரணம். வாங்குபவர் கண்ணுக்கு விலை தெரிகிறது, ஆயுள் தெரிவதில்லை. தெரியாத குணத்துக்கு எவர் பணம் கொடுப்பார்?

1951இல் ஆணைக்குழு கம்பனிகளுக்கு அளித்த நற்சான்றிதழ் இன்றைய குமிழுக்குப் பொருந்தாது என்று நான் கூறுவது இதனாலேயே.

திருத்துதலையும் பற்றிச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தை அறிந்தவர்கள், ஒரு வானொலிப் பெட்டி எத்தனை முறை திறந்து மூடப்பட்டது என்பதையும் அறிவார்கள். அக்காலத்தைப் பொற்காலமாகப் பாடுவோர் சிலர் உண்டு. நான் அவர்களோடு சேரேன். இல்லாமையால் திருத்தியதை அறமாகக் கொள்வது பொருந்தாது. ஆனால் ஓர் உண்மை அங்கே உண்டு: அப்பெட்டி திறக்கக்கூடியதாக இருந்தது. திருகாணியால் மூடப்பட்டிருந்தது, பல பெட்டிகளின் உட்புறத்தில் வால்வுகள் எங்கெங்கே பொருந்தும் என்று காட்டும் படம் ஒட்டப்பட்டிருந்தது. செய்தவரே திருத்துபவருக்கு எழுதிய கடிதம் அது. இன்றைய குமிழின் கழுத்து பசையால் ஒட்டப்பட்டது. பழுதான ஓர் இருவாயியை மாற்றி ஈயம் வைத்துத் தரக்கூடிய கைகள் நம் சந்திகளிலும் இருக்கின்றன. ஆயினும் உடைத்தே திறக்க வேண்டியிருப்பதால், திறக்கும் கூலி புதுக்குமிழின் விலையை எட்டிவிடுகிறது.

இவ்வாறு குப்பைக்குச் செல்வது குமிழ் மட்டுமன்று. 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின் மற்றும் மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என ஐக்கிய நாடுகளின் நிறுவனங்கள் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதில் முறைப்படி சேகரிக்கப்பட்டு மீளாக்கப்பட்டதாகப் பதிவானது நூற்றுக்கு 22.3 பங்கே.

சட்டத்தால் இதைத் தடுக்க முடியுமா? முதலிற் துணிந்தது பிரான்ஸ். பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதை அந்நாடு 2015இல் குற்றமாக்கி, இரண்டாண்டு சிறையும் 3 இலட்சம் யூரோ அபராதமும் விதித்தது. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நிறுவுவது எளிதன்று; பீபஸ் போலத் தண்ட அட்டவணையை எழுதி வைத்துவிட்டுப் போகும் குற்றவாளிகள் எப்போதும் கிடைப்பதில்லை. பழைய கைத்தொலைபேசிகளை மென்பொருள் வாயிலாக மெதுவாக்கியமைக்காக 2020இல் அப்பிள் நிறுவனம் பிரான்சில் 2 கோடியே 50 இலட்சம் யூரோ செலுத்த நேர்ந்ததும் இக்குற்றத்துக்காக அன்று. பாவனையாளருக்கு அச்செய்தியைச் சொல்லாமல் மறைத்ததற்காகவே.

எனது கருத்தில், சிறைத்தண்டனையைவிடப் பயன் தந்தது அதே நாடு 2021 ஜனவரியில் கொணர்ந்த எளிய ஏற்பாடு. கைத்தொலைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம், புல்வெட்டும் இயந்திரம் ஆகிய ஐந்தினதும் விலைச்சீட்டின் அருகே, அவை எவ்வளவு எளிதில் திருத்தத்தக்கவை என்று பத்துக்கு இத்தனை எனப் புள்ளியிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. கழற்றுவது எளிதா, உதிரிப்பாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன, திருத்தும் விவரக்குறிப்பு உண்டா என்பன புள்ளிக்கு அடிப்படை. நாம் விடைத்தாளுக்கு இடுவது போன்ற புள்ளிதான். மாணவரைப் போலவே கம்பனிகளும் புள்ளி வெளியே தெரிந்தால் வெட்கப்படும். அதே ஆண்டு மார்ச் மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும், குளிர்சாதனப் பெட்டிக்கான பல உதிரிப்பாகங்கள் 7 ஆண்டுகளுக்கும், சலவை இயந்திரத்துக்கானவை 10 ஆண்டுகளுக்கும் கிடைக்கச் செய்தல் கட்டாயமாயிற்று. குளிர்சாதனப் பெட்டியின் கதவு றப்பர்கூடத் தனியே குறிக்கப்பட்டுப் 10 ஆண்டு பெற்றது. அந்த றப்பர் தேய்ந்ததனாலேயே பெட்டியைக் கழித்தவர்களுக்கு இவ்விதியின் அருமை விளங்கும்.

2025இல் பிரான்ஸ் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஜனவரியில் தொலைக்காட்சிக்கும் ஏப்ரலில் சலவை இயந்திரத்துக்கும், திருத்தும் வசதியோடு பொருளின் உறுதியையும் சேர்த்து மதிப்பிடும் சுட்டெண்ணைப் புகுத்தியது. அந்தப் பட்டியலில் மின்குமிழ் இல்லை. குமிழுக்கென ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டெம்பர் முதல் நடைமுறைப்படுத்திய விதிகளில், விளக்குக் கூட்டினுள் உள்ள ஒளிமூலத்தைச் சாதாரணக் கருவிகளால், கூட்டுக்குச் சேதமின்றி மாற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்ற நல்ல விதி ஒன்று உண்டு. தொழில்நுட்பக் காரணம் காட்டி விலக்குப் பெறவும் அதிலே வழி உண்டு. குமிழின் உறுதிக்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். இரண்டரை மணிநேரம் எரித்து, அரை மணிநேரம் அணைத்து, இவ்வாறு 1,200 முறை. மொத்தம் 3,600 மணிநேரம், அதாவது ஐந்து மாதம். பெட்டியில் 15,000 மணி என்று அச்சிட்ட குமிழும் சோதனைச்சாலையில் அந்த ஐந்து மாதத்தையே காண்கிறது. எஞ்சிய ஆண்டுகளை வாங்கியவர் தம் வீட்டுக் கூரையிலே சோதித்துக்கொள்ள வேண்டியதுதான்.